கராஜ் தரைக்கு எபாக்ஸி பெட்டி வாங்குமுன் படியுங்கள்: டயரோடு பெயர்ந்து வந்த ஒரு தரையின் கணக்கு

இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு ஒரே பெட்டி போதும், வீட்டுக்காரரே பூசிக்கொள்ளலாம், ஆயுள் முழுக்க வாரண்டி என்று சொல்லி விற்கப்பட்ட எபாக்ஸி தரைப்பூச்சு அது. வாங்கியவர் கையேட்டில் இருந்தபடியே கழுவி, கூடவே வந்த அமிலப் பொடியைப் போட்டுத் தேய்த்து, ரோலரில் பூசினார். முதல் கோடையிலேயே முன் டயர்கள் நின்ற இரண்டு இடங்களிலும் பூச்சு பாளமாகப் பெயர்ந்து டயரோடு வந்தது. புகார் செய்ததும் விற்ற நிறுவனம் சொன்ன பதில்: "தரையை நீங்கள் சரியாகத் தயார் செய்யவில்லை." அத்தோடு பேச்சு முடிந்தது.

இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் வாங்கியவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். மீதிப் பாதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெட்டியில் எபாக்ஸி பிசினான ரெசினும், அதோடு கலந்து இறுக வைக்கும் ஹார்ட்னரும் சேர்த்து 7.5 லிட்டர். தரை 6 மீட்டருக்கு 6 மீட்டர், ஆக 36 சதுர மீட்டர். 1 லிட்டரை 1 சதுர மீட்டரில் பரப்பினால் 1 மில்லிமீட்டர் கனம் வரும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்திருந்தால் எந்தப் பெட்டியையும் அளந்துவிடலாம். 7.5 லிட்டரை 36 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப்பூச்சின் கனம் சுமார் 208 மைக்ரான் (1 மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான்). ஆனால் இது தண்ணீர் கலந்த வகை. கொள்ளளவில் 50 சதவீதம்தான் திடப்பொருள் என்பது தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் சின்ன எழுத்தில் இருக்கிறது, பெட்டியின் மேல் எங்கும் இல்லை. தண்ணீர் ஆவியாகிக் காய்ந்த பிறகு மிஞ்சுவது 104 மைக்ரான். ரோலரிலும் பக்கெட்டிலும் ஒட்டிக்கொண்டதைக் கழித்தால் இன்னும் குறையும். எழுதுகிற தாளின் கனத்துக்குத்தான் அந்தத் தரையில் எபாக்ஸி இருந்தது.

கார் ஏறும் தரைக்கு 100 சதவீதம் திடப்பொருள் கொண்ட எபாக்ஸி 250 மைக்ரானாவது வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதே 36 சதுர மீட்டருக்கு 9 லிட்டர். வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 10 லிட்டர். தண்ணீர் கலந்த 50 சதவீத வகையில் அதே கனம் வர 20 லிட்டர் ஆகும், அதையும் ஒரே பூச்சில் போட முடியாது. பெட்டியில் வந்த ஒரு கைப்பிடி வண்ணச் சில்லும் ஒரு மறைப்புதான். ஆங்காங்கே தூவினால் தரை கனமாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும், கனம் கூடாது. சில்லு கனம் தர வேண்டுமானால் தரை தெரியாதபடி கொட்டிப் பரப்பி, காய்ந்ததும் சுரண்டிக் கூட்டிவிட்டு, மேலே தெளிந்த டாப் கோட் போட வேண்டும். இந்தப் பெட்டியில் டாப் கோட்டே கிடையாது. இன்னொன்று: சில டப்பாக்களில் எபாக்ஸி என்று பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே ஹார்ட்னரே இருக்காது. அது எபாக்ஸி கொஞ்சம் கலந்த அக்ரிலிக் பெயின்ட். இரண்டு பாகமாக வராத எதையும் கார் நிற்கும் தரையில் போடாதீர்கள்.

இனி தயாரிப்பு. கையேடு சொன்னதெல்லாம் கழுவுவதும் அமிலப் பொடியும்தான். சிட்ரிக் அமிலம் போன்ற லேசான அமிலம் சிமென்டில் உள்ள சுண்ணாம்போடு மட்டும் வினைபுரியும். எண்ணெய்க் கறையை அது தொடாது, பழைய சீலரை (தரையின் துளைகளை அடைக்க முன்பு பூசிய பூச்சை) தொடாது. இயந்திரக் கரண்டியால் கண்ணாடிபோல் இழைத்த தரையில் பிடிமானத்துக்குப் போதுமான சொரசொரப்பையும் தராது. பெட்டியை எளிது என்று விற்க வேண்டும் என்பதற்காகக் தரையை உரசிச் சொரசொரப்பாக்கும் கிரைண்டர் பற்றிய பேச்சையே கையேட்டில் விட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சொல்லாத வேலையைச் செய்யவில்லை என்று பிறகு குற்றம் சாட்டுவது ஏமாற்று.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் எண்ணெய்க் கறையை டிகிரீசர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கிரைண்டருக்குப் பிறகு என்று தள்ளிப்போட்டால் எண்ணெயை அது தரை முழுக்கத் தேய்த்துவிடும். பிறகு தள்ளிக்கொண்டு போகிற தரை கிரைண்டரை வாடகைக்கு எடுத்து, 30 கிரிட் (சொரசொரப்பின் அளவு) வைரக் கற்களைப் போட்டு முழுத் தரையையும் ஓட்டுங்கள். சுவரோரத்துக்கு 125 மில்லிமீட்டர் கப் வீல் (கிண்ண வடிவ உரசு சக்கரம்) போட்ட கை கிரைண்டர். இரண்டுக்கும் தூசு உறை மாட்டி வாக்குவமோடு இணைக்க வேண்டும். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். என்95 குறைந்தபட்சம், பி100 வடிகட்டி உள்ள முகமூடி நல்லது. துடைப்பத்தால் உலர் தூசியைக் கூட்டவே கூடாது. முடிந்ததும் தரையைத் தடவினால் உப்புத்தாள்போல் உரச வேண்டும். பல இடங்களில் தண்ணீர் சொட்டுங்கள்: உடனே பரவி உறிஞ்சினால் சரி, முத்துபோல் நின்றால் அங்கே எண்ணெயோ சீலரோ இன்னும் இருக்கிறது.

கீழிருந்து ஈரம் வருகிறதா என்பதையும் கையேடு கேட்கவில்லை. 45 சென்டிமீட்டர் சதுரப் பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உள்ளே நீர்த்துளியோ தரையில் கருத்த தடமோ இருந்தால் எபாக்ஸி பூச வேண்டாம். ஷீட் உலர்ந்திருந்தால் மட்டும் போதாது. சந்தேகம் இருந்தால் ஈரப்பதம் அளக்கும் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு 28 நாள் கட்டாயம்.

கலக்கும்போது இரண்டு பாகத்தையும் குறித்த விகிதத்தில் மெதுவாக ஓடும் டிரில்லில் 3 நிமிடம் கலக்கி, வேறு பக்கெட்டுக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள். பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தரையில் விடாதீர்கள். சரியாகக் கலக்காத அந்தப் பகுதி காயவே காயாது. கலக்கியதும் தரையில் நீளமாக ஊற்றிவிட வேண்டும். பக்கெட்டிலேயே வைத்திருந்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். தரையின் வெப்பநிலை பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்கட்டும். காலையில் வெயில் ஏறும்போது பூசினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஊசித்துளைகள் விழும், மாலையில் தரை ஆறும்போது பூசுவது பாதுகாப்பு. காரை ஏற்ற 7 நாள் பொறுங்கள்.

டயர் ஏன் பிய்க்கிறது? ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், அடியில் உள்ள மெல்லிய பூச்சு அந்தச் சூட்டில் இளகும். ரப்பரிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் அதை இன்னும் இளக்கும். ஆறும்போது டயர் சுருங்கிப் பூச்சை இழுக்கும். பிடிமானம் இல்லாத பூச்சு டயரோடு வந்துவிடும்.

ஏற்கெனவே பெயர்ந்திருந்தால் பெயர்ந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதன் அடிப்பக்கம்தான் சாட்சி. அடியில் சாம்பல் நிறக் கான்கிரீட் தூள் ஒட்டியிருந்தால் தரையின் பலவீனமான மேல்தோலே பெயர்ந்திருக்கிறது. கிரைண்டர் ஓட்டாததன் விளைவு. அடி சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் பழைய சீலரோ அமிலம் கடிக்காத தரையோ காரணம். வெள்ளை உப்பும் ஈரமும் இருந்தால் கீழிருந்து வந்த நீராவி. துண்டு பிசுபிசுவென்று வளைந்தால் கலவைக் குறை. துண்டின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, தொழில்நுட்பத் தாளில் சொன்ன கனத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வீட்டில் அடிப்பக்கம் வழவழப்பாகவே இருந்தது: கையேடு சொன்ன அமிலப் பொடியின் வேலை அவ்வளவுதான்.

புகார் எழுதும்போது துண்டின் இரு பக்கப் படம், டப்பாவின் தொகுதி எண், பில், கையேட்டின் தயாரிப்புப் பக்கம், தொழில்நுட்பத் தாள், மேலே சொன்ன கன அளவுக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். வாரண்டியின் சின்ன எழுத்தையும் படியுங்கள். இந்த ஆயுள் வாரண்டி தரக்கூடியது இன்னொரு பெட்டிதான், சுரண்டும் கூலி அதில் இல்லை, டயர் பிய்த்ததும் கீழிருந்து வந்த ஈரமும் விலக்குப் பட்டியலில் இருந்தன. அந்த இன்னொரு பெட்டியை வாங்கிப் பழைய பூச்சின் மேலேயே பூசினால் அடியில் பிடிக்காதது மேலேயும் சேர்ந்து பெயரும்.

மீதிப் பூச்சை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, பிடித்திருப்பதாகத் தெரியும் இடங்களில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் முழுத் தரையையும் கான்கிரீட் வரை கிரைண்டர் ஓட்ட வேண்டியதுதான். வராத இடத்திலும் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடுத்த கோட்.