ரெட்ரோ சன்மைக்கா மேசை என்று சொல்லி 38,500 ரூபாய்க்கு ஸ்டிக்கர் விற்றார்கள், ஜாக்கிரதை

போன ஞாயிற்றுக்கிழமை ரசச் சட்டியை இறக்கி வைத்த இடத்தில் மேசை கொப்புளித்துவிட்டது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையும் ஒரு சைடு அலமாரியும் சேர்த்து 38,500 ரூபாய். கடைப் பெயரைப் போட மாட்டேன், ஏன் என்று கீழே வரும். போனில் படம் போட்டு விற்கிற ரகம், கூடவே இங்கே வடசென்னையில் ஒரு சின்ன ஷோரூம். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் பச்சை சன்மைக்கா ஒட்டிய மேசை ஒன்று இருந்தது. அப்பா ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்தது. மே மாத வெயிலில் அதன் மேல் கன்னத்தை வைத்துப் படுத்தால் சில்லென்று இருக்கும். பிளாட்டுக்கு மாறியபோது பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். இப்போது அதே சாமானுக்கு ரெட்ரோ என்று பெயர் வைத்து, ஒல்லிக் கால், அலுமினியப் பட்டை விளிம்பு எல்லாம் போட்டுத் திரும்பவும் விற்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

ஷோரூம்காரருக்கு முப்பது வயசு இருக்கும். பேச்சு இருக்கிறதே! 1912இல் அமெரிக்காவில் இரண்டு இன்ஜினியர்கள், மின்சாரச் சாமான்களில் போடும் மைக்காவுக்குப் பதிலாக ஒன்றைக் கண்டுபிடித்தார்களாம், மைக்காவுக்குப் பதில், இங்கிலீஷில் 'ஃபார் மைக்கா', என்பதால்தான் ஃபார்மிகா என்று பெயராம், நம்ம சன்மைக்காவும் அதே லேமினேட் ரகம்தானாம். அப்புறம் 1950களின் பூமராங் டிசைன், அப்புறம் 1981இல் மிலானில் எட்டோரே சோட்சாஸ் என்கிற இத்தாலிய டிசைனரும் அவருடைய மெம்பிஸ் டிசைனர் குழுவும், ஓட்டல் மேசைச் சாமான் என்று ஒதுக்கிய லேமினேட்டை எடுத்துக் காட்சிக்கு வைத்த மேசை அலமாரிகளில் ஒட்டிய கதை. நான் கை காட்டிய டிசைன், வெள்ளையில் கறுப்புப் புழு நெளிகிற மாதிரி இருக்கும், அதற்கு பாக்டீரியோ என்று பெயர், அதே சோட்சாஸ் 1978இல் வரைந்தது என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், எல்லாம் நிஜம். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்த ஆள் ஏமாற்றுவானா என்று நினைத்தேன்.

ஒரு கையகல சாம்பிள் துண்டைத் திருப்பிக் காட்டினார், அடிப்பக்கம் பழுப்பு. ரெசின் பசையில் ஊறிய கிராப்ட் பேப்பர் என்கிற பழுப்புக் காகிதத்தை அடுக்கி, மேலே மெலமைன் ஏற்றிய டிசைன் பேப்பரை வைத்து, சூட்டோடு பிரஸ் பண்ணினால் எல்லாம் ஒரே தகடாகிவிடும், அதனால்தான் அந்தப் பழுப்பு என்றார். கொதிக்கக் கொதிக்க டீ வாங்கிவரச் சொல்லி டம்ளரை அந்தத் துண்டின் மேலேயே வைத்தார். ஒரு அடையாளமும் விழவில்லை. "பாத்தீங்களா அக்கா" என்றார். நான் அந்த டீயைக் குடித்துவிட்டு 20,000 ரூபாய் ஜிபே பண்ணினேன்.

சாமான் வந்த அன்று, மூலக்கடையில் இன்னொரு டெலிவரி இருக்கிறது என்று டிரைவர் அவசரப்படுத்தி, பபுள் ஷீட்டைப் பிரிப்பதற்கு முன்பே மீதி 18,500ஐ வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு சீட்டு.

கொப்புளம் வந்ததும் எங்கள் தெரு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். உளி நுனியால் ஓரத்தில் நெம்பினார், மேல்தோல் உரிந்து கையோடு வந்தது. பழுப்பே இல்லை. "இது சன்மைக்காவே இல்லம்மா, பிரிண்ட் போட்ட ஸ்டிக்கர். உள்ள பிளைவுட்டும் இல்ல, மரத்தூள் போர்டு" என்றார். வீடு துடைத்த தண்ணீர் பட்டே அலமாரியின் அடி ஊறி உப்பியிருந்ததையும் அவர்தான் காட்டினார். 38,500 ரூபாய்!

திங்கள்கிழமை போன் செய்தால், "சூடா வைக்கலாமா அக்கா? மேட் போட்டுத்தான் வைக்கணும்." டீ டம்ளரை வைத்துக் காட்டிய அதே வாய். செவ்வாய், "உங்க ஏரியா உப்புக் காத்து அக்கா." புதன், டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார். வியாழன், மெசேஜுக்கு ப்ளூ டிக் மட்டும். வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்து நேரில் போனேன். உள்ளே ஒரு இளம் ஜோடிக்கு 1912 கதை ஓடிக்கொண்டிருந்தது, அதே துண்டு, பக்கத்தில் டீ. என்னைப் பார்த்ததும் "அஞ்சு நிமிஷம் அக்கா" என்று பின்பக்கம் போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. நான் அந்த ஜோடியிடம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தார், வந்ததும் கடைப் பேரைக் கெடுத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார். அந்தப் பெண் கணவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், அதில் மட்டும் ஒரு திருப்தி.

சரி, என்ன பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. வரிசையாக எழுதப் பொறுமை இல்லை. சாம்பிளை நம்பாதீர்கள், வரும் சாமானில் ஒயர் ஓட்டை, பூட்டு ஓட்டை மாதிரி அறுத்த இடத்தில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பிரித்துப் பார்க்காமல் பாக்கி கொடுக்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது, ஜிஎஸ்டி பில்லில் லேமினேட்டா, என்ன பிளைவுட் என்று எழுதி வாங்குங்கள். அதைவிட எட்டுக்கு நாலு அடி சன்மைக்கா ஷீட்டை நீங்களே வாங்கித் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துவிடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே ரசீதையும் மட்டும் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆதாரம் என்பதால் மேசையைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.