மோடானோவா, செலியோஸா?

ஐஸ் ஹாக்கிக்குப் புதியவர்கள், ஓய்வுபெற்ற அமெரிக்க வீரர்களில் யாருடைய பழைய ஆட்டத்தை முதலில் பார்ப்பது என்று தயங்குகிறார்கள்.

ஆடும் இடம்: மைக் மோடானோ சென்டர் (தாக்குதல் வரிசையின் நடுவில் ஆடுபவர்), கிறிஸ் செலியோஸ் தற்காப்பு.

கோல்: மோடானோ 561, செலியோஸ் 185.

ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஹாக்கி லீக்கான NHL-இன் சாம்பியன் கோப்பை): மோடானோவுக்கு ஒன்றுதான், 1999-இல் டல்லஸ் அணியோடு. செலியோஸுக்கு மூன்று: 1986-இல் மான்ட்ரியல், 2002, 2008-இல் டெட்ராய்ட்.

நீடிப்பு: மோடானோ 1,499 ஆட்டங்கள், செலியோஸ் 1,651. உடம்போடு உடம்பு மோதும் தற்காப்பில் 48 வயதுவரை தாக்குப்பிடித்தார் என்பது இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

வேகத்தையும் சறுக்கும் அழகையும் ரசிக்க மோடானோ. என் ஓட்டும் அவருக்கே. தற்காப்பு நுணுக்கம் கற்க செலியோஸ். இருவருமே வேண்டுமா? சரி, 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் ஆட்டங்களைப் பாருங்கள். ஒரே அணியில் ஆடி வெள்ளி வென்றார்கள்.