முட்டி வலி என்று ஏழு மாதம் அலைந்தோம், கட்டி இருந்தது இடுப்பில்

எலும்புக் கட்டியை ஊசி வழியாகச் சுட்டு அழிக்கும் சிகிச்சையை என் மகனுக்குச் செய்தோம். அவனுக்கு 16 வயது.

முட்டி வலிக்கிறது என்றுதான் ஆரம்பித்தான். முதலில் போன கிளினிக்கில் முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, "வளர்ற வயசு, சரியாகிடும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மூட்டுவாதம் என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை ஒன்று போட்டால் தூங்கிவிடுவான். மாத்திரைக்குக் கேட்கிற வலிதானே என்று நானும் இருந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கடைசியாகப் பார்த்த எலும்பு டாக்டர் ஃபைலைத் திறக்கும் முன்பே, "ராத்திரியில கூடுதா தம்பி? மாத்திரை போட்டா சுத்தமா நிக்குதா?" என்று கேட்டார். படுக்க வைத்து, காலை மடக்கி உள்பக்கம் திருப்பினார். பையன் கத்திவிட்டான். "முட்டியில ஒண்ணுமில்லம்மா. இடுப்புல இருக்கிற கோளாறு முட்டியில வலிக்கும்" என்று சொல்லி, இடுப்புக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார். தொடை எலும்பின் கழுத்தில் 8 மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்பு வட்டம், நடுவில் கடுகு போல வெள்ளை. ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்கிற சின்ன எலும்புக் கட்டி. புற்றுநோய் இல்லை, அப்படி மாறவும் மாறாது. அந்தச் சின்னக் கட்டி, வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தை ஏராளமாகச் சுரக்கிறது, வலிக்கு அதுதான் காரணம். அந்தச் சுரப்பைத் தடுக்கிற மாத்திரை என்பதால்தான் உடனே கேட்டிருக்கிறது. மூட்டுக்குள்ளேயே இருந்தால் நீர் கோத்து மூட்டுவாதம் மாதிரி ஏமாற்றுமாம்.

மாத்திரையிலேயே சில வருடம் ஓட்டலாம், தானாக அடங்குவதும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அத்தனை வருடம் மாத்திரை போட்டால் வயிறும் சிறுநீரகமும் என்னாவது? சுட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முழு மயக்கம் கொடுத்து, சி.டி. மேசையிலேயே எலும்புக்குள் ஊசியை இறக்கி, 90 டிகிரி சூட்டில் ஆறு நிமிடம் சுட்டார்கள். பயாப்ஸி பரிசோதனைக்கும் கட்டியிலிருந்து துளி எடுத்தார்கள். வெளியே தெரிந்தது ஒரு பிளாஸ்திரி மட்டும். இரண்டாம் நாள் ராத்திரி மாத்திரை கேட்காமலே தூங்கினான். நான்தான் விடியும்வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் "வழக்கம்போல் இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். உடம்பின் பாரம் தாங்குகிற இடத்தில் துளை போட்டிருக்கிறார்கள், விளையாடலாமா என்று நானே போன் செய்து கேட்டேன். நடக்கலாம், மூன்று மாதத்துக்கு ஓட்டமும் குதிப்பதும் கூடாது, எலும்பு முறிந்துவிடும் என்றார்கள். இதைத் தாளிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். பையன் அதற்குள் பந்தை எடுத்துவிட்டான்.