லுவெங்கோவும் லார்கோவும்: ஸ்பானிய மொழியின் இரு பெயரடைகள்

‘நீண்ட’ என்னும் பொருளுக்கு ஸ்பானிய மொழி இரண்டு பெயரடைகளைக் கண்டது. அவற்றுள் வழக்கொழிந்துபோன ‘லுவெங்கோ’, லத்தீன் ‘லோங்குஸ்’ என்பதன் நேர் வாரிசு. லத்தீனின் குறில் ஒகரம் அழுத்தம் பெறும் அசையில் ‘உவெ’ எனத் திரிவது ஸ்பானியத்தில் பரவலாகக் காணப்படும் ஒலிமாற்றமாதலால், அதன் பிறப்பில் ஐயத்துக்கு இடமில்லை. அதனை வென்ற ‘லார்கோ’வோ, மிகுதியையும் ஈகையையும் குறித்த ‘லார்குஸ்’ என்பதிலிருந்து வந்தது. இத்தாலியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் இதே சொல் அகலத்தைச் சுட்ட, ஸ்பானியத்தில் அது நீளத்தைக் கைப்பற்றியது; பழம்பொருள் மட்டும் வள்ளன்மையைக் குறிக்கும் ‘லார்கேசா’ என்னும் சொல்லில் தங்கிவிட்டது.

அன்றாடப் பேச்சுக்கு லார்கோவே ஏற்றது. ஆயினும், மார்புவரை வளர்ந்த தாடியையும் கடந்துபோன நெடிய ஆண்டுகளையும் எழுதும்போது லுவெங்கோ தரும் கம்பீரம் லார்கோவுக்கு வாய்ப்பதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். தொலைநாடுகளிலிருந்து நீண்ட பொய்கள் வரும் என்னும் பழமொழியும் லுவெங்கோவையே இன்றளவும் விடாது பற்றியிருக்கிறது.