பொக்லைனுக்கு 50 சதவீதத் தேய்மானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

மணலி, எண்ணூர் பக்கம் வடிகால் வேலைகளுக்குப் பொக்லைனை மணிக்கணக்கு வாடகைக்கு விடுகிறேன். 2022 ஜனவரியில் இரண்டாவதாக ஒரு செயின் வண்டியை, செகண்ட் ஹேண்டில், 24 லட்சத்துக்கு வாங்கினேன். 20 லட்சம் பேங்க் வழியாகப் போனது. மீதி 4 லட்சத்தை ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்தேன்.

தண்டையார்பேட்டையில் வருமான வரி ரிட்டர்ன் போடும் ஒருவரிடம் கணக்கைக் கொடுத்தேன். எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"வண்டிக்கு 30, கூடுதலா 20, பாதி விலையைத் தேய்மானமா காட்டிக்கலாம்ணா. வர்ற ரீஃபண்டுல எனக்கு பத்து பர்சென்ட் குடுத்தா போதும்" என்றார். தேய்மானம் என்றால் வண்டி பழசாவதற்காக வருமானத்தில் வருடா வருடம் கழித்துக்கொள்ளும் தொகை. 12 லட்சம் காட்டினார். என் ஆதார் நம்பருக்கு வந்த ஓடிபியைப் போனில் கேட்டார், சொன்னேன். வாடகையில் காண்ட்ராக்டர்கள் முன்கூட்டியே பிடித்துக் கட்டிய வரி (டிடிஎஸ்) முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பி வந்தது. ரிட்டர்னை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர்தான், அது பில்லைக் கேட்பதில்லை. ரீஃபண்ட் வந்துவிட்டதால் எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன்.

2024 ஆகஸ்டில் வேறொரு வருடத்து ரீஃபண்ட் வரவில்லை. பெரம்பூரில் ஒரு சி.ஏ.விடம் போனேன். அவர் வருமான வரி போர்ட்டலில் என் கணக்கைத் திறந்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2023 ஜூனிலேயே நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்புறம் விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள். ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் என் கணக்கில் இருந்த மெயிலும் போன் நம்பரும் அந்த ஆளுடையவை! யாரும் பதில் சொல்லாததால் அதிகாரி தானே கணக்கிட்டு 2024 மார்ச்சில் உத்தரவு போட்டுவிட்டார். என் ரீஃபண்டை அந்தப் பாக்கியில் கழித்துக்கொண்டார்கள்.

சி.ஏ. ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 30 சதவீதம் என்பது வாடகைக்கு ஓடும் லாரி, பஸ், டாக்ஸிக்கு. என் வண்டிக்கு ஆர்.சி.யே (வாகனப் பதிவுச் சான்று) கிடையாது, அது பொது இயந்திரப் பிரிவு, 15 சதவீதம்தான். கூடுதல் 20 என்பது பொருள் உற்பத்தி செய்பவர்களும் மின்சாரம் தயாரிப்பவர்களும் வாங்கும் புது இயந்திரத்துக்கு. மண் வேலை உற்பத்தி ஆகாது, பழைய வண்டிக்கோ எந்தத் தொழிலிலும் கிடையாது. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதி விகிதம்; ஜனவரியில் வாங்கியதால் மார்ச் முடிய எனக்கு அவ்வளவு நாள் இல்லை, ஆக 7.5. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை வண்டியின் விலையில் சேராது. ஆக 20 லட்சத்தில் 7.5 சதவீதம், 1,50,000. தண்டையார்பேட்டைக்காரர் காட்டியதோ 12 லட்சம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ரொக்கமாகக் கொடுத்த 4 லட்சம் போக, முறையாகப் போட்டிருந்தாலும் எனக்கு நஷ்டமே இல்லை. மீதி 18,50,000 அப்படியே அடுத்த வருடத்துக்கு வரும், அதில் 15 சதவீதம் கழிக்கலாம், அதற்கடுத்த வருடமும் கழிக்கலாம். தேய்மானம் எங்கும் ஓடிப்போவதில்லை. இப்போது வரி, மாதம் 1 சதவீத வட்டி, போதாததற்கு அபராதம். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அதற்கான வரியில் 50 சதவீதம், பொய்யாகக் காட்டியதாக முடிவானால் 200.

ரிட்டர்ன் போட்டவரிடம் போய்க் கேட்டேன். "ரீஃபண்ட் வாங்கினது நீங்கதானே" என்றார். சட்டப்படி மாட்டுவது நான்தான், பான் என்னுடையது.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, இன்று ராத்திரியே போர்ட்டலில் நுழைந்து யார் மெயில், யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள். அப்பீலுக்கு இருந்த 30 நாள் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம், இன்னும் விசாரணைக்கு எடுக்கவில்லை.