விலை இறங்கிய ஃபூஸ்பால் டேபிளும் லொடலொடக்கும் கோல்கீப்பரும்

இந்த ஃபூஸ்பால் டேபிளின் (ராடுகள் எனும் கம்பிகளில் கோத்த பொம்மை ஆட்களால் பந்தடிக்கும் மேசைக் கால்பந்து) விலை இறங்கியதும் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நீள அகலமெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னால் நின்று கோல் காப்பவருக்கு இது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ராடுகள் உள்ளே வெற்றுக்குழாய், அதனால் எடை குறைவு. எதிராளி பந்தை நடுவில் அமுக்கி வைத்து ஸ்நேக் ஷாட்டுக்கு (பந்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, மணிக்கட்டால் ராடை உருட்டிச் சுழற்றி அடிப்பது) தயாராகும்போது இந்த லேசான ராடுதான் காப்பாற்றும். கனமான ராடு புறப்படுவதற்குள் கோல் விழுந்துவிடும். கோல்கீப்பர் ராடில் மூன்று ஆட்கள், மூலைகள் சமதளம். மூலையில் செத்து நிற்கும் பந்தை ஓரத்து ஆளால் எடுத்து, ஆட்ட விதி தரும் 15 விநாடிக்குள் நிதானமாக வெளியே அனுப்பலாம்.

தடுப்பாட்டமே மில்லிமீட்டர் கணக்குதான். இதில் கோல் வாய் 20 செ.மீ., பந்து 3.4 செ.மீ., ஆளின் பாதம் 2.5 செ.மீ. கோல்கீப்பரையும் முன் ராடின் (கோல்கீப்பருக்கு அடுத்த தடுப்பு ராடு) ஒரு ஆளையும் அடுத்தடுத்து நிறுத்தி, நடுவில் 3 செ.மீ. சந்து விடுங்கள். பந்து அதில் நுழையாது. பந்தின் மையம் கோலுக்குள் போகக்கூடிய பாதை மொத்தம் 16.6 செ.மீ.; நேராக வரும் பந்துக்கு அதில் 11.4 அடைபட்டுவிடும். மீதி 5.2 செ.மீ.க்குத்தான் நீங்கள் ஓட வேண்டும். ஆட்களின் தலையை லேசாக முன்பக்கம் சாய்த்துப் பிடித்தால் பட்ட பந்து தெறிக்காமல் காலடியில் அடங்கும். அதிகம் சாய்த்தால் பாதம் தூக்கி, பந்து அடியில் போய்விடும்.

ஸ்நேக்குக்கு எதிராக ஒரே தாளத்தில் அசையாதீர்கள். எதிராளி அந்தத் தாளத்தை எண்ணித்தான் அடிப்பார். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, அவர் மணிக்கட்டு அசையும் முன் மூடுங்கள். புல் ஷாட்டுக்கு (பந்தைத் தன் பக்கம் இழுத்து அடிப்பது) எதிராக, முன் ராடின் ஆள் நேர்வழியை அடைக்க, கோல்கீப்பர் நடுவிலிருந்து தூரத்துக் கம்பம் நோக்கி ஓடட்டும்.

இத்தனைக்கும் கோல்கீப்பர் பாதம் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டுமே! ஆளை ராடோடு பிடித்திருப்பது ஒரு சின்ன ரோல் பின் (ஓட்டையில் இறுக்கமாகத் தட்டி ஏற்றும், தகட்டைச் சுருட்டிய ஆணி). எல்லா அடியும் நடு ஆள்மேல்தான் விழும். நாளடைவில் பிளாஸ்டிக்கில் பின் ஓட்டை நீள்வட்டமாகிவிடுகிறது. ராடை ஒட்டிய இடத்தில் 1 மி.மீ. ஆடினால் பாதத்தில் மூன்று நான்கு மி.மீ. ஆடும். 3 செ.மீ. சந்து 3.4 ஆகிறது, வேகமாக வரும் பந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவில் பிதுங்கி உள்ளே போகிறது. சரியாக நின்றும் கோல் வாங்குவதைப்போல எரிச்சல் வேறில்லை.

சரிசெய்வதோ அதைவிடக் கொடுமை. ஆள் ஒரே வார்ப்பு, பிளந்து மாட்டுவதல்ல. கைப்பிடி, பம்ப்பர் (சுவரில் மோதலைத் தாங்கும் ரப்பர்) கழற்றி, ராடை உருவி, முதலில் ஓரத்து ஆளின் பின்னைத் தட்டி அவரைக் கழற்றினால்தான் நடு ஆள் வருவார். ராடுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, பின்னைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் (பின்னைத் தள்ளி வெளியேற்றும் இரும்புக் கம்பி) வைத்துத் தட்ட வேண்டும். நேரடியாகச் சுத்தியல் பட்டால் குழாய் நசுங்கும். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், அதன் விறைப்பு போயிருக்கும். ஓட்டையில் பசை ஊற்றுவதும் வீண், நாலு ஆட்டத்தில் உதிர்ந்துவிடும். இதில் நன்றாக இருந்த ஓரத்து ஆளின் ஓட்டையும் தளர்கிறது என்பதுதான் என் கோபம். நடுவில் ஒரு உலோக வளையம் வைத்து வார்த்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

இறங்கிய விலைக்கும் வாங்காதீர்கள் என்பேன். என் பேச்சைக் கேட்காமல் வாங்குவதென்றால், ராடை ஒரு கையால் இறுகப் பிடித்து, நடு ஆளின் பாதத்தை இரு விரலால் பக்கவாட்டில் அசையுங்கள். டிக் என்று சத்தம் வந்தால் கடையிலேயே வேறு ராடு மாற்றித் தரச் சொல்லுங்கள். கூடவே உதிரி ஆட்கள் இரண்டும் புதுப் பின்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.