முற்றிப்போன செராய்ப் புதரைப் பிரிக்க ஹோரி ஹோரி கத்தி: வாங்கலாமா?

தொட்டியிலேயே இரண்டு மூன்று வருடம் கிடந்த செராயை, அதாவது எலுமிச்சைப் புல்லை, பிரித்துப் பாருங்கள். நடுவில் பச்சையே இருக்காது, காய்ந்த சருகுதான். புதுத் தண்டுகள் ஓரத்தில் தொட்டிச் சுவரை முட்டிக்கொண்டு பென்சில் தடிமனிலேயே நின்றுவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் தேறாது, பிரித்து நட்டால்தான் உண்டு. ஹோரி ஹோரி என்ற ஜப்பானிய மண் கத்தி இதற்குத் தோதான கருவி, சரியான ரகமாகப் பார்த்து எடுத்தால்.

அலகு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர், லேசாகக் குழிந்திருக்கும். ஒரு பக்கம் வெட்டும் விளிம்பு, மறுபக்கம் ரம்பப் பல். பலரும் பல்லைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பார்க்கவேண்டியது பிடியை. அலகின் இரும்பு பிடியின் நுனி வரை ஓடவேண்டும். பாதியில் நின்றுவிடும் மலிவு ரகங்கள் நாலு தடவை நெம்பினாலே கழுத்தில் ஆட்டம் காணும். வெறுமனே அறுக்க வீட்டில் கிடக்கும் பழைய ரொட்டிக் கத்தி போதும், நெம்புவதற்குத்தான் இதற்குக் காசு கொடுக்கிறோம். ஆழ அளவுக் கோடுகள் செதுக்கியிருந்தால் நல்லது. மையில் அச்சடித்தது மண்ணில் தேய்ந்து போய்விடும்.

வேலைக்கு வருவோம். முதலில் இலைகளை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள். செராய் இலை கையைக் கீறும், முழுக்கைச் சட்டை அவசியம். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, கத்தியைத் தொட்டிச் சுவரை ஒட்டி இறக்கிச் சுற்றி வாருங்கள். வாய் குறுகிய மண்தொட்டியில் வேர்க்கட்டி முழுசாக வெளியே வராது, உள்ளேயே துண்டு போட்டுத்தான் எடுக்கவேண்டும். ரம்பப் பல்லை உங்கள் பக்கம் இழுத்து அறுங்கள். தள்ளினால் வேர்நார் பல்லில் சிக்கிக்கொள்ளும். வெட்டு பாதி ஆழம் போனதும் அலகைத் திருப்பி நெம்பினால் மீதி தானாகப் பிளக்கும்.

ஒரு துண்டில் மூன்று முதல் ஐந்து தண்டு, அடியில் வேர் இருக்கவேண்டும். ஒற்றைத் தண்டாக நட்டால் புதர் கட்ட ரொம்ப நாளாகும். நடுச்சருகைத் தூக்கி எறிந்துவிடுங்கள். முன்பு இருந்த ஆழத்திலேயே நடுங்கள், தண்டு மண்ணுக்குள் புதைந்தால் நம் சிங்கப்பூர் மழைக்கு அழுகிவிடும். ஒரு வாரம் நிழல். புது இலை நீளும்வரை உரம் வேண்டாம், வெட்டுப்பட்ட வேர் கருகும்.

பாண்டானுக்கும் (ரம்பை) கத்தி நன்றாகவே உதவுகிறது, வெட்டும் விளிம்பே போதும். முற்றிய லெங்குவாஸ் (பேரரத்தை) கிழங்கில் திணறுகிறது, அதற்குச் சின்ன மர ரம்பம்தான் சரி. இந்தக் கத்தியை வைத்து ரூபார்ப் என்ற குளிர்நாட்டுச் செடியைப் பிரிக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், இங்கே அந்த ஆசையை விட்டுவிடலாம்.

கார்பன் எஃகு கூர்மையை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் நம் ஈரப்பதத்தில் ஒரே இரவில் துரு ஏறும். வீவக அடுக்குமாடி வீட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகே மேல்.

ஒரு தொட்டி நாலாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாகவேண்டும், அடித்தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு. சமூகத் தோட்டத்துக்குக் கத்தியை எடுத்துப் போவதென்றால் உறைபோட்டுப் பைக்குள் வையுங்கள், இடுப்பில் தொங்கவிட்டு எம்ஆர்டி ரயிலில் ஏறாதீர்கள்.